இராமநாதபுரம் கடற்கரையில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் தரகர் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடிப் பக்கம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் வீட்டுத் தரகர் என்றால் இடம் காட்டுகிறவர் என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். காட்டுவது அவருடைய வேலையில் மிகச் சிறிய பகுதி. பத்திரத்தில் எழுதியிருக்கும் இடமும், பட்டாவில் இருக்கும் இடமும், தரையில் கல் நட்டிருக்கும் இடமும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒன்றாக இல்லையென்றால் பணம் கைமாறும் முன்பே அதை இரு தரப்புக்கும் சொல்லிவிடுவதுதான் அவர் வாங்கும் தரகுக்கு உரிய உழைப்பு. இந்தக் கரையில் அந்த உழைப்பு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. உரிமையாளர்களில் பலர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். நிலத்தின் பழைய பதிவுகள் சமஸ்தானக் காலத்துக்குப் போகின்றன. கடலோ தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

தரகரைத் தேர்ந்தெடுத்தல்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடத்தையோ விற்கும் நிறுவனம், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் திட்டத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்கும் தரகரும் தனியாகப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் தங்கச்சிமடத்தில் ஒருவர் தாம் வாழ்ந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்கும் தரகருக்கு இந்தச் சட்டத்தின் பதிவு கட்டாயமில்லை. நம் ஊர்களில் நடக்கும் கைமாற்றங்களில் பெரும் பகுதி இத்தகையவை. ஆகவே பதிவு எண் இருப்பது நல்ல அடையாளம். இல்லை என்பதாலேயே ஒருவரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

வேறு வகையில் சோதித்துப் பார்க்கலாம். முதல் சந்திப்பிலேயே சர்வே எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர், "பத்திரத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல டோக்கன் போடுங்க" என்கிறவர், விற்பவரிடமிருந்து தம் பெயருக்கே பவர் பத்திரம் (உரிமையாளருக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் தரும் ஆவணம்) வாங்கி வைத்திருக்கிறவர் ஆகிய மூவரிடமும் எச்சரிக்கை தேவை. குறிப்பாக மூன்றாமவர் தரகர் அல்லர், மறைமுகமாக வாங்கி விற்கும் வியாபாரி. விற்பவருக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு ஒரு விலையும் சொல்லி இடைவெளியைத் தாம் வைத்துக்கொள்வார். அதைச் சட்டம் தடுக்காவிட்டாலும், அவரிடம் நியாயமான ஆலோசனையை எதிர்பார்ப்பது வீண்.

விற்பவருக்கான வேலை: விலையும் காகிதமும்

விற்பவர் முதலில் கேட்பது விலையைத்தான். ஆனால் நல்ல தரகர் விலை சொல்லும் முன் காகிதங்களைக் கேட்பார். தாய்ப்பத்திரம் (உரிமை தொடங்கிய பழைய பத்திரம்), இடையில் வந்த பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல்), வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு எண், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்த வீட்டுக்கு வாங்குபவர் அதிகம் பேரம் பேசுவதில்லை. சந்தேகத்துக்கு இடமிருக்கும்போதுதான் விலை இறங்குகிறது. வங்கிக் கடன் தீர்ந்தும் அடமான ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் இன்னும் உயிரோடு நிற்கும். விளம்பரம் செய்யும் முன்பே அந்த ரசீதைப் பதிவு செய்ய வைப்பது தரகரின் கடமை.

விலையைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, பதிவுத்துறை சர்வே எண்வாரியாக நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இதைப் பதிவுத்துறை இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். மற்றொன்று, உண்மையில் கைமாறும் சந்தை விலை. தரகர் அருகில் அண்மையில் பதிவான கிரயங்களையும், வீட்டின் வயதையும், நன்னீர் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்தே ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். "பாம்பன் புதுப் பாலம் வந்துவிட்டது, இனி விலை பறக்கும்" என்ற பேச்சை மட்டும் வைத்துச் சொல்லும் தொகை விற்பவரை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம், உச்சிப்புளியில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் சுவர் விரிசலை அடைத்துவிடாது.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் இப்போதே தீர்த்துவிட வேண்டும். குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் உறுதி செய்த பிறகும், "அவளுக்குத்தான் கட்டிக்கொடுக்கும்போதே செஞ்சாச்சே" என்று சகோதரியின் கையெழுத்தை விட்டுவிடும் வழக்கம் போகவில்லை. கீழக்கரையில் நிலைமை வேறு. அங்கே மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். இஸ்லாமியச் சட்டப்படி வாய்மொழியாகவும் உடைமையை ஒப்படைத்தும் செய்யும் கொடை செல்லும் என்பதால், வீடு மகளுடையதாக இருந்தும் பத்திரமும் பட்டாவும் தந்தையின் பெயரிலேயே நிற்பதுண்டு. தந்தை காலமான பின்பு விற்பனைக்கு வந்தால் மற்ற வாரிசுகள் அனைவரும் அந்தக் கொடையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் துபாயிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருந்தால், ஆவணம் தயாராகவே மாதங்கள் ஆகும்.

வெளிநாட்டில் இருப்பவர் ஊரிலுள்ள உறவினருக்குப் பவர் கொடுக்க நினைத்தால், அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும். பவர் பத்திரம் விற்பனை செய்யும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது, உரிமையை மாற்றுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகக் கூறிவிட்டது. எனவே "பவர்லயே வாங்கிக்குங்க, செலவு மிச்சம்" என்று எவரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

வாங்குபவருக்கான வேலை: தரையில் நின்று பார்த்தல்

வீடு பார்க்கப் போவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். வாடைக்காலத்து மழையில்தான் எந்தத் தெரு கண்மாயின் பழைய ஓடை என்பது புரியும். அந்த மாதங்களில் வர முடியாதவர்களுக்குத் தரகர் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்துச் சொல்ல வேண்டும். கடந்த மழையில் வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டு மூதாட்டி சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது.

அடுத்தது தண்ணீர். கடலோரத்தில் மணற்பாங்கான இடங்களில் ஆழமில்லாத கிணற்றில் நன்னீர் ஊறும். அதே தெருவில் ஆழ்துளை போட்டவர் உவர்நீரை எடுத்துக்கொண்டிருப்பார். தரகர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும்.

கட்டடத்தைப் பார்க்கும்போது கூரையின் அடிப்பகுதியை அண்ணாந்து பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, காரை பெயர்ந்து விழுவதுதான் கடலோர வீடுகளின் முதன்மை நோய். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் மேல்தளம் மட்டும் புதுப் பூச்சாக இருந்தால், அது பளபளப்புக்காக அல்ல என்று கொள்ளலாம். மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டிருக்கும். பவளப்பாறையை வெட்டி எடுப்பது இன்று தடைசெய்யப்பட்டிருப்பதால் அவற்றைப் பழைய முறையில் பழுதுபார்க்க அந்தக் கல் கிடைக்காது.

எல்லைக் கற்கள் தனிக் கதை. காலி மனையிலும் வீட்டின் பின்புறத்திலும் சீமைக்கருவேல் மண்டிக் கல்லை விழுங்கியிருக்கும். தரகர் அதை வெட்டிச் சுத்தம் செய்து, புலப்படத்தில் (அந்தச் சர்வே எண்ணுக்கான அரசின் அளவை வரைபடம்) உள்ள அளவுகளைக் கொண்டு நான்கு மூலைகளையும் காட்ட வேண்டும். காட்ட இயலாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நில அளவையரை அழைக்க விற்பவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். நான் அறிந்த ஒரு வீட்டில், பின்சுவரைத் தாண்டி நின்ற ஐந்து பனைகளைக் காட்டி "அதுவரைக்கும் நம்மதுதான்" என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருந்தார்கள். அளந்தபோது அந்தப் பனைகள் நின்றது வண்டிப்பாதைப் புறம்போக்கு.

காகிதத்தைச் சரிபார்த்தல்

பத்திரங்களில் சென்ட் கணக்கு இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும் இருக்கும். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரம் 12 சென்ட் என்று சொல்ல, பட்டா 4 ஏர்ஸ் என்று சொன்னால் பட்டாவின்படி இருப்பது 9.88 சென்ட்தான். அந்த 2 சென்ட் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை வரும்வரை விலை பேசக் கூடாது. நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தபோது ஏற்பட்ட பிழைகள் இன்னும் பல கிராமங்களில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. அப்பிழையா, பக்கத்து வீட்டுக்காரரின் ஆக்கிரமிப்பா, முன்பே விற்ற பகுதியா என்பதைத் தரகர் பழைய பதிவேடுகளைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட வேண்டும். அது பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரில் ஒருவரிடம் பத்திரத்தைக் கொடுத்து வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தால் அது சான்றில் வராது. ஆகவே மூலப்பத்திரத்தை நகலில் பார்க்காமல் அசலாகக் கையில் வாங்கிப் பார்ப்பது அவசியம்.

நிலத்தின் வகைப்பாடுதான் இந்த மாவட்டத்தில் பலரை ஏமாற்றுகிறது. சேதுபதி சமஸ்தானத்தின் ஜமீன் கிராமங்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியாகவும், இனாம் நிலங்கள் (முன்பு கொடையாக வழங்கப்பட்டவை) 1963இல் வந்த சட்டங்களின் வழியாகவும், உரிமையாளர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரிக்கு மாறின. அப்போது பட்டா கிடைத்தது யாருக்கு என்பதுதான் உரிமையின் வேர். கோயிலுக்கோ தர்காவுக்கோ பள்ளிவாசலுக்கோ உரிய நிலத்தில் தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்கிறவர்கள் ராமேசுவரத்திலும் ஏர்வாடியிலும் உண்டு. அவர்களுக்கு வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கும், நில உரிமை இருக்காது. அரசு ஒப்படை செய்த இலவச மனைகளும் நிபந்தனைக்கு உட்பட்டவை. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற விதியைப் பட்டாவின் அடியில் சின்ன எழுத்தில் படிக்கலாம்.

மனைப்பிரிவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தேதி முக்கியம்: 2016 அக்டோபர் 20. அதற்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற சொல் மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் அல்லது வரன்முறை ஆணை, இரண்டில் ஒன்றைத் தரகர் காட்டியாக வேண்டும்.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் ஊர் திரும்பும்போது தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு வாங்க ஆசைப்படுவது இயல்பு. பெரியபட்டினம், உச்சிப்புளிப் பக்கத் தோப்புகளைக் காட்டாத தரகரே இல்லை. ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் குடியிருப்பு, வணிகச் சொத்துகளை வாங்கலாமே தவிர விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ கிரயத்துக்கு வாங்க முடியாது, வாரிசுரிமையாக அடையலாம். இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கிக் கொடுக்கும் தரகர் அந்தக் குடும்பத்துக்குச் செய்வது துரோகம்.

கடலின் சட்டம்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 2011இலும் 2019இலும் வந்தன. உயர் அலைக்கோட்டிலிருந்து (ஓதம் ஏறி வரும் எல்லை) நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இவை பொதுவாகப் பொருந்தும். கழிமுகம், உப்பங்கழி போன்ற ஓதம் ஏறும் நீர்நிலைகளின் கரைகளுக்கும் தனி அளவுகள் உண்டு. ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டரைப் பொதுவாகக் கட்டடம் கூடாத பகுதியாக 2011 அறிவிக்கை வைத்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழிசெய்தது. பவளப்பாறை, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் மணல் ஆகியவை மிகக் கடுமையான வகையில் அடங்கும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா 1986இலிருந்து இக்கரைக்கு எதிரே இருப்பதால், இங்கே அந்த வகை அரிதான ஒன்றல்ல.

இதில் வாங்குபவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த விதிகள் கட்டுவதைத்தான் கட்டுப்படுத்துகின்றன, விற்பதை அல்ல. அதனால் கிரயப் பத்திரம் எந்தத் தடையுமின்றிப் பதிவாகும், பட்டாவும் மாறும். அடுத்த ஆண்டு வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும்போதுதான் கதவு மூடும். அதிகாரப்பூர்வ கடற்கரை மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதை முன்பணத்துக்கு முன்பே பார்த்து எழுத்தில் கொடுப்பது, கடலோரத் தரகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பேன். ஏற்கெனவே கட்டிய வீடு என்றால், அது எந்த ஆண்டில் எந்த அனுமதியுடன் கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருப்பதால் அதன் சுற்றுவட்டாரத்தில் மாடி எழுப்பும் எண்ணமுள்ளவர்கள் தடையின்மைச் சான்று தேவையா என்பதையும் விசாரிக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் "கடல் பார்த்த மனை" என்று எவரேனும் சொன்னால், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டதை நினைவூட்டினாலே போதும்.

பேரமும் ஒப்பந்தமும்

பேரத்தில் தரகரின் திறமை, இரு தரப்பும் நேரில் சொல்லத் தயங்குவதை இடையில் நின்று சொல்வதில் இருக்கிறது. விற்பவருக்கு எவ்வளவு அவசரம், வாங்குபவரிடம் எவ்வளவு ரொக்கம், வங்கிக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவர் நம்பிச் சொன்னதை மற்றவரிடம் போட்டுக்கொடுக்காதிருப்பதே அவருடைய நாணயம். இரு தரப்பிடமும் தரகு வாங்குகிறவர் என்றால் அதை இருவருக்கும் தெரியச் செய்துவிட வேண்டும்.

விலை முடிந்தவுடன் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இதையும் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது பழைய காலத்து வழக்கம். முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள், விற்பவர் எந்தெந்தக் குறைகளைத் தீர்த்துத் தர வேண்டும், தீர்க்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமானவரிச் சட்டத்துக்கு எதிரானது. முன்பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரக்கூடும். முன்பணத்தைத் தரகரின் கணக்கில் போடவே கூடாது. விற்பவரின் கணக்கிலேயே செலுத்த வேண்டும்.

பதிவு நாளும் அதன் பிறகும்

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. மதிப்பு 20 லட்சம் என்றால் 1,80,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது, பிடிக்க வேண்டிய விழுக்காடும் மிக அதிகம். கீழக்கரை, தொண்டி வீடுகளில் இது அடிக்கடி எழும் என்பதால் பதிவு நாளுக்கு முன்பே ஒரு தணிக்கையாளரைப் பார்ப்பது நல்லது.

பத்திர எழுத்தர் தயாரித்த வரைவை வாங்குபவர் வரிக்கு வரி படிக்க வேண்டும். தரகர் உடனிருந்து, சர்வே எண்ணும் உட்பிரிவும் நான்கெல்லையும் பட்டாவோடு பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பத்திரத்தில் "வடக்கே இன்னார் வீடு" என்று இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதும் பழக்கம் உண்டு. அந்த வீட்டை அவர் விற்று இருபது ஆண்டாகியிருக்கும்.

தரகை எப்போது கொடுப்பது? ஒவ்வொரு தரப்பும் விலையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு தருவது நடைமுறை. அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தொகையாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தன்று ஒரு பகுதியும் பதிவன்று பெரும் பகுதியும் கொடுத்து, ஒரு சிறு பங்கைப் பட்டா மாறும் வரை நிறுத்தி வைப்பதை நான் பரிந்துரைப்பேன். தரகர்களுக்கு இது பிடிக்காது. ஆயினும் முழுச் சர்வே எண்ணையும் வாங்கியவருக்குப் பட்டா தானாகவே மாறிவிடும் வாய்ப்பு இருக்க, ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர் நில அளவையர் வந்து உட்பிரிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஊரறிந்த தரகரின் துணை தேவைப்படும்.

கடைசியாக மின் இணைப்பு, வீட்டுவரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயர்மாற்றம் இருக்கிறது. இவற்றுக்கு விற்பவரின் கையெழுத்து தேவைப்படலாம். அவர் வெளிநாடு திரும்பும் விமானத்தில் ஏறும் முன்பே அந்த விண்ணப்பங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.